96 பேர்ச் இலாபம்

சில மாதங்களுக்கு முன்னர் திருகோணமலை நகரில் ஒரு கவிதை நூல் வெளியீடு. எழுதியவர் நமது சமூகத்துப் பெண். வாழ்த்துரைக்கு எழுந்த பெரியவர் வழக்கமான இடத்திலிருந்தே ஆரம்பித்தார். பெண்ணுக்குச் சொத்துரிமை தந்தது இஸ்லாம்தான், அதுவும் 1400 வருடங்களுக்கு முன்னர் என்றார். இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தாள் என்றார். நமது நாட்டில் பொதுச் சட்டத்தின் கீழ் வரும் மணமான பெண்களுக்கு அது முழுமையாகக் கிடைத்தது 1923இல் என்றார். ஆண்டுகளைச் சரியாகத்தான் சொன்னார். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே என் ராத்தாவின் 168 பேர்ச் வயல் ஞாபகத்துக்கு வந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கைதட்டலுக்கு எதிரானது. அந்தப் பெரியவருக்கு எதிரானதல்ல. மார்க்கம் வைத்த பங்குகளுக்கு எதிரானதும் அல்ல. அப்படி யாரும் வாசித்துவிடக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ‘அல்லாஹ்வே பங்கு வைத்துவிட்டான், நமக்கு மரணசாசனம் எதற்கு?’ என்று நமது ஊர்களில் ஒரு வசனம் புழங்குகிறது. ஜனாஸா வீட்டிலும் கேட்கிறோம், கத்தம் வீட்டிலும் கேட்கிறோம். பக்தியைப் போல ஒலிக்கும் அந்த வசனத்தின் நிழலில் எத்தனை அநியாயம் நடக்கிறது என்பதை என் சொந்த வீட்டுக் கணக்கை வைத்தே சொல்லப்போகிறேன். மற்றவன் வீட்டுக் கணக்கை எழுத எனக்கு உரிமையில்லை.

நான் கிண்ணியாவில் பிறந்தவன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, சில பாடசாலைகளைச் சுற்றிவந்து, இப்போது சில வருடங்களாக அன்புவழிபுரத்தில் கற்பிக்கிறேன். பள்ளிக்கூட நாட்களில் அங்கேயே வாடகை வீட்டில் தங்குகிறேன். வாப்பாவுக்கு நாங்கள் நான்கு பிள்ளைகள். ராத்தா மூத்தவர், அடுத்தது காக்கா, பிறகு நான், கடைசியில் தம்பி. வாப்பாவுக்குத் தம்பலகாமத்தில் உறுதிக்காணியாக 6 ஏக்கர் வயல் இருந்தது. அவர் வாழ்நாளில் சேர்த்ததும் காத்ததும் அதுதான்.

காக்கா மீன்பிடித் தொழில் செய்தவர். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் அவரைக் கொண்டுபோனது. மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு ஒரு வயது நிரம்பவில்லை. அன்று கிண்ணியாவில் எந்தத் தெருவில் அழுகை இல்லை? ஆகவே எங்கள் அழுகையைத் தனியாக விவரிக்கத் தேவையில்லை.

வாப்பா 2013இல் மௌத்தானார். கடைசி வாரத்தில் எங்களைக் கட்டிலருகே அழைத்து, “காக்காட புள்ளையளக் கைவிட்டுறாதீங்க” என்றார். நாங்கள் தலையாட்டினோம். அவரும் நிம்மதியாகக் கண்ணை மூடினார் என்றே இவ்வளவு காலமும் ஊருக்குச் சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் எழுத்தில் ஒரு வரிகூட அவர் வைக்கவில்லை. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் நொத்தாரிசிடம் போவோமா என்று நானே ஒருமுறை கேட்டிருந்தேன். மேலே சொன்ன அதே வசனத்தைத்தான் பதிலாகச் சொன்னார்.

இனிக் கணக்கு. ஆறாந்தரப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு இது. 6 ஏக்கர் என்றால் 960 பேர்ச். பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டில் ஒன்று, ஆகவே உம்மாவுக்கு 120. மீதி 840. அதை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வகுக்கவேண்டும். மகன்மார் இருவர் உயிரோடு, மகள் ஒருவர், மொத்தம் ஐந்து கூறு, ஒரு கூறு 168. ராத்தாவுக்கு 168, எனக்கு 336, தம்பிக்கு 336. காக்காவின் பிள்ளைகளுக்குப் பூச்சியம். இறந்தவரின் மகன் உயிரோடு இருக்கும்போது, அவருக்கு முன்னரே இறந்த இன்னொரு மகனின் பிள்ளைகள் வாரிசாவதில்லை. இது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். மற்ற மத்ஹபுகளிலும் முடிவு இதுதான். நமது நாட்டின் நீதிமன்றமும் இதைத்தான் பின்பற்றும். மரணசாசனம் இல்லாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து அவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவரோ அந்தப் பிரிவின் சட்டப்படி போகவேண்டும் என்கிறது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்.

இப்போது அதே கணக்கைக் காக்கா உயிரோடு இருந்திருந்தால் என்று வைத்துச் செய்து பாருங்கள். 840ஐ ஏழு கூறாக்கவேண்டும். ஒரு கூறு 120. ராத்தாவுக்கு 120, எங்கள் மூவருக்கும் தலா 240. அதாவது காக்கா இருந்திருந்தால் எனக்கு 240. அவர் இல்லாததால் 336. வித்தியாசம் 96.

காக்காவின் மரணத்தில் எனக்குக் கிடைத்த இலாபம் 96 பேர்ச் வயல். இதை இப்படி எழுத எனக்குப் பத்து வருடங்களுக்கு மேல் பிடித்திருக்கிறது. பத்து வருடமும் அதில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மௌலவிமார் சிலரோடு இதைப் பேசியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் பொறுமையாக விளக்கினார். பேரப்பிள்ளை விலக்கப்படுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, நெருங்கியவர் தூரத்தவரைத் தடுப்பார், அநாதைகளைப் பராமரிப்பது சாச்சாமாரின் பொறுப்பு என்றார். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வாரிசுரிமை பேசும் அதே இறைவசனங்களை, அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் 12ஆம் வசனங்களை, மீண்டும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு தொகுதிப் பங்கும் சொல்லப்பட்ட பின்னர், இவையெல்லாம் வஸிய்யத்தும் கடனும் நிறைவேற்றப்பட்டதன் பிறகே என்ற நிபந்தனை வருகிறது. ஒரு தடவையல்ல, நான்கு தடவை. அதற்கு முன்னால் 8ஆம் வசனம், பங்கிடும் இடத்தில் உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்து நின்றால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுங்கள் என்று கட்டளையிடுகிறது. எங்கள் வீட்டில் பங்கு பேசிய அன்று காக்காவின் மகன் அடுக்களை வாசலில் நின்றான். வயது பதின்மூன்று. அந்த வசனத்தை அன்று யாரும் ஓதவில்லை. கத்தத்துக்கு வேறு அத்தியாயம் ஓதினோம்.

வஸிய்யத்து எதற்காக வைக்கப்பட்டது? வாரிசாக வருகிறவனுக்கு வஸிய்யத்துத் தேவையில்லை. அவனுக்குக் கொடுப்பதை நபிமொழியே தடுக்கிறது. வாரிசாக வராமற் போகிறவர்களுக்காகவே மூன்றில் ஒரு பாகம் மனிதனின் கையில் விடப்பட்டிருக்கிறது. நோயுற்றிருந்த ஸஃது பின் அபீ வக்காஸ் தன் செல்வத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டபோது மூன்றில் ஒன்றோடு நிறுத்தப்பட்டார் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். கொடுக்க ஏதேனும் உள்ள மனிதன் தன் வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவு கழிப்பது தகாது என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வாப்பாவோ 74 வருட இரவுகளைக் கழித்தார். நான் நாற்பத்தைந்து வருட இரவுகளைக் கழித்துவிட்டேன். இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.

வாப்பா வஸிய்யத்து எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மூன்றில் ஒன்று 320 பேர்ச், அதாவது சரியாக இரண்டு ஏக்கர், காக்காவின் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். மீதி 640இல் உம்மாவுக்கு 80, ராத்தாவுக்கு 112, எனக்கும் தம்பிக்கும் தலா 224. காக்கா உயிரோடு இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய 240ஐ விட இது 16 பேர்ச் குறைவு. யாரும் பிச்சையெடுத்திருக்க மாட்டோம்.

அவர் வாயால் சொன்னது வஸிய்யத்து ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். முதலாவது, ‘கைவிட்டுறாதீங்க’ என்பதில் இன்ன காணியில் இன்ன பங்கு என்று எதுவும் இல்லை. அது ஒரு தகப்பனின் வேண்டுகோள். இரண்டாவது, அவர் தெளிவாகவே சொல்லியிருந்தாலும் இந்த நாட்டில் அதைக் கொண்டு ஒரு பேர்ச் காணியையும் அசைக்கமுடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. மரணசாசனம் எழுத்தில் இருக்கவேண்டும். எழுதுபவர் அதன் முடிவில், ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்க, கையொப்பமிடவேண்டும். நொத்தாரிசு கிடைக்காவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒன்றாக இருக்கவேண்டும். அவ்வளவுதான். ஐந்து பேர் நமது ஊரில் எந்த நேரமும் தேநீர்க் கடையில் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்லவேண்டும். 1844ஆம் ஆண்டின் மரணசாசனச் சட்டம் இந்நாட்டவருக்குத் தம் சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கும் முழுச் சுதந்திரத்தைக் கொடுக்கிறது. முஸ்லிமும் அதில் அடக்கம். மூன்றில் ஒன்று என்ற எல்லையை நாட்டின் நீதிமன்றம் நம்மீது சுமத்துவதில்லை. 1931ஆம் ஆண்டுச் சட்டம் மரணசாசனம் எழுதாமல் இறந்தவனுக்கும், உயிரோடிருக்கும்போது செய்யும் நன்கொடைகளுக்கும்தான். ஆகவே ஒருவன் முழுச் சொத்தையும் ஒரு மகனுக்கு எழுதிவிட்டு மகள்மாரை வெறுங்கையோடு விட்டால், நொத்தாரிசு அதை எழுதுவார், மாவட்ட நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தும். அந்தக் கதவைத் தெரிந்துகொண்டு தட்டியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். மரணசாசனம் என்ற சொல்லே நமது பெண்களுக்குப் பயத்தைத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லையைச் சட்டம் போடாத இடத்தில் எழுதுகிறவனே போட்டுக்கொள்ளவேண்டும். நான் கேட்பது அந்த எல்லைக்குள் எழுதப்படும் வஸிய்யத்தைப் பற்றி மட்டுமே.

அன்புவழிபுரத்தில் எனது பக்கத்து வளவில் மட்டக்களப்பிலிருந்து வந்து குடியேறிய ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. யுத்த காலத்தில் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். அந்த மகனின் ஒரே மகள் என்னிடம் படித்தாள். மாலை நேரங்களில் வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாகப் பேசிக்கொள்வோம். ஒருநாள் அவர் நகரத்துக்குப் போய் மரணசாசனம் எழுதிவிட்டு வந்ததாகச் சொன்னார். எனக்கு ஆச்சரியம். அவருக்குப் பொருந்துவது 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டம். அதன்படி வாழ்க்கைத்துணைக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமின்றிச் சமமாக. இறந்த பிள்ளையின் இடத்தில் அந்தப் பிள்ளையின் பிள்ளை வந்து நிற்கும். அவர் ஒரு சொல்லும் எழுதாவிட்டாலும் பேத்திக்குப் பங்கு உண்டு.

“பிறகேன் அண்ணை எழுதின நீங்கள்?” என்று கேட்டேன்.

“மாஸ்டர், நான் எழுதாட்டியும் சட்டம் அவளுக்குக் குடுக்கும். ஆனா எது எங்க கிடக்கு, ஆருக்கு எவ்வளவு கடன், எந்த உறுதி எந்தப் பெட்டியில எண்டு சட்டம் அவளுக்குச் சொல்லாது. அதுக்காகத்தான்” என்றார்.

சட்டம் தானாகவே பாதுகாக்கும் பேத்திக்கு அவர் எழுதினார். சட்டம் பாதுகாக்காத பேரப்பிள்ளைகளுக்கு வாப்பா எழுதவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதினால் கதைபோல இருக்கும். நித்திரை வந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை கிண்ணியாவுக்குப் போய்ப் பழைய உறுதியை எடுத்து வாசித்தேன்.

முஸ்லிம் நாடுகள் இந்தப் பிரச்சினையைக் காணாமல் இருக்கவில்லை. எகிப்து 1946இல் வஸிய்யத்துச் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. தாத்தா எழுதாமல் இறந்தாலும், அநாதைப் பேரப்பிள்ளைகளுக்கு அவர்களின் தகப்பனுக்குரிய பங்கு, மூன்றில் ஒன்றைத் தாண்டாமல், வஸிய்யத்தாகக் கொள்ளப்படும் என்றது. இதற்கு அடிப்படை வெளியிலிருந்து வரவில்லை. வாரிசாக வராத உறவினருக்கு வஸிய்யத்துச் செய்வது கடமை என்று ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் அந்தலூஸியாவில் வாதிட்டவர் இப்னு ஹஸ்ம். பாகிஸ்தான் 1961இல் வேறு வழியில் போனது. இறந்த பிள்ளையின் இடத்தில் பேரப்பிள்ளையை நேராகவே உட்காரவைத்தது. உலமாக்கள் பலர் அதை எதிர்த்தார்கள். அவர்களின் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது, பங்கின் அமைப்பையே அது மாற்றிவிடுகிறது. பாகிஸ்தானின் வழியை விட எகிப்தின் வழியே எனக்கு உவப்பானது. இந்தோனேசியா 1991இல் தொகுத்த இஸ்லாமியச் சட்டத் தொகுப்பிலும் இறந்தவனின் இடத்தில் பிள்ளை வர வழியிருக்கிறது. இலங்கையில் இவை எதுவும் இல்லை. விவாகச் சட்டத் திருத்தம் பற்றி 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல் அறிக்கை தந்தது, இன்றுவரை அதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறோம். வாரிசுரிமையைப் பற்றிச் சண்டை பிடிக்கக்கூட நமக்கு ஆளில்லை. சட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை அநாதைகள் அடுக்களை வாசலில் நிற்பார்கள். வஸிய்யத்துக்கு எந்தப் பாராளுமன்றமும் தேவையில்லை.

ராத்தாவின் விடயத்துக்கு வருகிறேன். இதை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது.

நமது கிழக்கு மாகாணத்தில் மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இதனால் கிழக்கில் வீடு என்பது பெரும்பாலும் பெண்ணின் பெயரில் உள்ள சொத்து. வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டால் வியக்கிறார்கள், நாமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். (சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளின் பத்திரங்கள் பல ‘குடும்பத் தலைவர்’ என்று கணவனின் பெயரில் வந்தபோது இந்த உரிமை சத்தமில்லாமல் கரைந்தது. அதைத் தனியாக எழுதவேண்டும்.) பெருமையின் மறுபக்கம் தகப்பன் மௌத்தான பிறகு தெரியும். ‘ராத்தாவுக்குத்தான் வீடு கொடுத்தாச்சே’ என்ற ஒரு வாக்கியத்தோடு வயலில் அவளுடைய பங்கு முடிந்துபோகும். பெருநாளைக்கு ஒரு மூட்டை நெல் அனுப்பினால் அவளும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள்.

மார்க்கச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. தகப்பன் உயிரோடிருக்கும்போது கொடுத்தது ஹிபா, நன்கொடை. அது முடிந்த கதை. மௌத்துக்குப் பிறகு வருவது மீராஸ். முன்னதைப் பின்னதில் கழிக்கமுடியாது. கழிக்கலாம் என்றால் என்னை ஆசிரியர் கலாசாலைக்கு அனுப்பிய செலவையும், தம்பியைக் கட்டாருக்கு அனுப்ப வாப்பா அடகு வைத்த நகையையும் அல்லவா கழிக்கவேண்டும்? அதை யாரும் கேட்கவில்லை. வீடு மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

வாப்பாவின் பக்கத்திலும் நியாயம் இருந்திருக்கும். ஒரு மகளுக்கு வீடு கட்டவே அவர் பாதி வாழ்க்கையைக் கொடுத்தார். ராத்தாவின் வீட்டுக்குக் கல் அரியும்போது நானும் காக்காவும் மண் குழைத்திருக்கிறோம். அந்த நினைவு எனக்கு இனிமையானது. ஆனால் அந்த இனிமையைக் கொண்டு அவளுடைய 168 பேர்ச்சை அடைக்க முடியாது. நமது உள்ளத்தில் நாம் செய்துவைத்திருக்கும் இந்தக் கழித்தல் கணக்கைத்தான் மாற்றவேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பங்குப் பிரச்சினை வந்தால் பலர் காதியாரிடம் ஓடுகிறார்கள். காதி நீதிமன்றத்துக்கு விவாகம், விவாகரத்து, தாபரிப்பு, மஹர், கைக்கூலி பற்றித்தான் அதிகாரம். வாரிசுரிமை அவருடைய மேசைக்குரியதல்ல. பள்ளிவாசல் நிருவாகம் சமாதானம் செய்துவைக்கலாம், உறுதி எழுதித்தர முடியாது. போகவேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம். மரணசாசனம் இருந்தால் அதில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநர் அதை அங்கே சமர்ப்பித்து அத்தாட்சி பெறவேண்டும். இல்லாவிட்டால் வாரிசுகளில் ஒருவர் நிருவாகப் பொறுப்பைக் கேட்டு மனுச் செய்யவேண்டும். எல்லோரும் உடன்பட்டால் பாதை குறுகியது. ஒருவர் கையொப்பமிட மறுத்தாலோ, வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பச் சோம்பினாலோ, பாகப்பிரிவினை வழக்கு வரை போகும். வழக்குப் போட்டவரின் பிள்ளைகள் தீர்ப்புக் கேட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். நமது மாவட்டத்தில் அத்தகைய காணி ஏராளம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அங்கே வேறு உலகம். எட்டில் ஒன்று, இரண்டுக்கு ஒன்று எதுவும் அதற்குள் நுழையாது. பின்னுரித்தாளர் யாரென்று உயிரோடிருக்கும்போதே எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கவேண்டும். பதியாமல் இறந்தால் வாழ்க்கைத்துணை அனுபவிக்கலாம், அதன்பின் சட்டத்தின் அட்டவணைப்படி போகும். 2022இல் திருத்தப்படும் வரை அந்த அட்டவணை ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை கொடுத்துவந்தது. ‘அல்லாஹ் பங்கு வைத்துவிட்டான்’ என்று சொல்லிக்கொண்டு பதியாமல் இருந்தவர்களின் காணிகள், அல்லாஹ் வைத்த பங்குப்படி அல்ல, வெள்ளைக்காரன் போட்ட அட்டவணைப்படிதான் போயிருக்கின்றன.

கடைசியாக நம்மைப் பற்றி, எழுதுகிறவர்களைப் பற்றி. சீதனத்தைப் பற்றி நாம் எத்தனை சிறுகதை எழுதியிருக்கிறோம்! முதிர்கன்னியின் ஜன்னல், வட்டிக்கு எடுத்த கைக்கூலி, கல்யாணப் பந்தலில் முறுக்கும் மாப்பிள்ளை. நானும் இரண்டு எழுதினேன், ஒன்றுக்குப் பரிசும் கிடைத்தது. அந்தக் கதைகளில் கெட்டவன் எப்போதும் வெளியிலிருந்து வருகிறவன்: மாப்பிள்ளை, மாமி, தரகர். வாப்பா மௌத்தான பின் ராத்தாவின் பங்கை உழுகிற தம்பியைப் பற்றி நமது இலக்கியம் ஏன் இவ்வளவு அடக்கமாக இருக்கிறது? எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் தம்பிமார் என்பதாலா? கிண்ணியாவில் கவிஞர்களுக்குக் குறைவில்லை. ஊருக்கு ஊர் நமக்குக் கவிஞர்கள் உண்டு. யுத்தத்தையும் அகதி வாழ்வையும் கடலையும் பாடினோம். கடல் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்கு வயலில் வரம்பு எங்கே என்று பாடவில்லை. இதைச் சொல்வதால் நண்பர்கள் சிலர் கோபிக்கக்கூடும். கோபித்துவிட்டு, தங்கள் வாப்பாவின் உறுதியை எடுத்து ஒருமுறை வாசிக்கட்டும்.

எங்கள் வீட்டில் இதுவரை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் உம்மாவிடம் கணக்கைக் காட்டினேன். அவருடைய 120 பேர்ச்சில் மூன்றில் ஒன்றை, 40 பேர்ச்சை, காக்காவின் பிள்ளைகளுக்கு வஸிய்யத்தாக எழுதலாம் என்றேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். “எழுதுறதெண்டா எழுதுவமே மகன். இதச் சொல்ல ஒங்களுக்கு ஏன் இவ்வளவு காலம்?” என்றார். எங்கள் குடும்பத்தில் முதலாவது மரணசாசனம் அவருடையது. நொத்தாரிசின் முன்னால் கையெழுத்துப் போடப் பத்து நிமிடம் பிடித்தது. சாட்சிகளில் ஒருவர் ஊர் மௌலவி. மற்றவர் என்னோடு கிண்ணியாவுக்கு பஸ் ஏறி வந்த அன்புவழிபுரத்து அண்ணை.

அடுத்தது எனது 96. முழு வயலிலும் அது பிரிக்கப்படாத பத்தில் ஒரு பங்கு. அதை நன்கொடை உறுதியாக மருமக்கள் இருவரின் பெயருக்கும் எழுதி, திரும்பப் பெறமுடியாதது என்றும் அதில் சேர்க்கச் சொன்னேன். அப்படிச் சொல்லாவிட்டால் 1931ஆம் ஆண்டுச் சட்டப்படி அது திரும்பப் பெறக்கூடியதாகவே இருக்கும். என்னை நான் அவ்வளவு நம்பவில்லை. மதினி உறுதியை வாங்கி, வாசிக்காமலே மடித்து, சீலைத் தலைப்பில் துடைத்து அலுமாரியில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ராத்தா தன் 168 பேர்ச் வேண்டாம் என்கிறார், தம்பிமாரோடு பகைக்கமாட்டேன் என்கிறார். வேண்டாம் என்றால் கையில் எடுத்த பிறகு சொல்லுங்கள் என்று நில அளவையாளரை வரச் சொல்லியிருக்கிறேன். தம்பி கட்டாரில் இருக்கிறான். இந்தக் கணக்கு முழுவதையும் ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று தொலைபேசி காட்டியது. இரண்டு வாரம் கழித்துப் பேசினான். உம்மாவின் சுகம் கேட்டான், என் பிள்ளைகளின் சுகம் கேட்டான், தம்பலகாமத்தில் மழையா என்று கேட்டான். மழைதான் என்றேன்.